ஆலை, கோடீஸ்வரர், கூலி: 1865 முதல் 1900 வரையிலான அமெரிக்கா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது 1865-ல். அங்கிருந்து நூற்றாண்டு முடியும் வரையிலான 35 ஆண்டுகளைப் பற்றி மாணவர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பாடப்புத்தகத்தில் இந்தப் பகுதி பெரும்பாலும் நாலைந்து தொழிலதிபர்களின் பெயர்ப் பட்டியலாகவே முடிந்துவிடுகிறது. உலைக்கு முன்னால் நின்றவர்கள் யார், தகராறு வந்தபோது அரசாங்கமும் நீதிமன்றமும் யார் பக்கம் நின்றன என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் இந்தக் காலம் புரியும். பதில்களை அந்த எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

அந்த 35 ஆண்டுகளில் அப்படி என்னதான் மாறியது?

முதலில் ரயில். 1865-ல் அமெரிக்காவில் இருந்தது சுமார் 35,000 மைல் ரயில் பாதை. 1900-ல் அது 1,90,000 மைலைத் தாண்டிவிட்டது. அடுத்தது எஃகு. 1880-ல் ஆண்டுக்குச் சுமார் 12.5 லட்சம் டன் எஃகு உற்பத்தியானது; 1900-ல் ஒரு கோடி டன்னுக்கு மேல். தொழிற்புரட்சி பிறந்த பிரிட்டன் அந்த ஆண்டு செய்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மனிதர்கள் நேரம் பார்க்கும் முறையைக்கூட ரயில் கம்பெனிகள் மாற்றின. அதுவரை ஒவ்வொரு ஊரும் உச்சி வெயிலை வைத்துத் தனக்கென்று ஒரு நேரம் வைத்திருந்தது. 1883 நவம்பர் 18 அன்று ரயில் கம்பெனிகள் தாங்களாகவே நாட்டை நேர மண்டலங்களாகப் பிரித்தன. ஊர்கள் ஒவ்வொன்றாகக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டன. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது 1918-ல்தான். 35 ஆண்டுகள் கழித்து! யார் கையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஏன் அமெரிக்காவில் மட்டும் இவ்வளவு வேகம்?

நிலக்கரி, இரும்புத் தாது, எண்ணெய், மரம் எல்லாமே ஒரே நாட்டுக்குள் கிடைத்தன. ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்; 1880-களில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல். சுங்கத் தடை இல்லாத பெரிய உள்நாட்டுச் சந்தையும் இருந்தது. இவ்வளவையும் எல்லோரும் சொல்வார்கள்.

சொல்லாமல் விடுவது அரசாங்கத்தின் பங்கை. ரயில் கம்பெனிகளுக்கு மத்திய அரசு இலவசமாகக் கொடுத்த நிலம் சுமார் 13 கோடி ஏக்கர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைப் போல நான்கு மடங்கு. அதில் பெரும்பகுதி பூர்வகுடி மக்கள் வாழ்ந்த, அவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம். வெளிநாட்டு எஃகுத் தண்டவாளத்துக்கு 1870-ல் டன்னுக்கு 28 டாலர் சுங்கம் போட்டார்கள். உள்நாட்டு எஃகு ஆலைக்காரர்களுக்கு அது பெரிய வேலியாக நின்றது. 'அரசு தலையிடவே இல்லை, தனியார் திறமையால் வளர்ந்த நாடு' என்ற பேச்சு இந்த இரண்டு விவரங்களுக்கு முன்னால் நிற்காது.

கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதையைப் போட்டது யார்?

கிழக்கிலிருந்து யூனியன் பசிஃபிக், மேற்கிலிருந்து சென்ட்ரல் பசிஃபிக் என்று இரண்டு கம்பெனிகள் போட்டுக்கொண்டு வந்து, 1869 மே 10 அன்று யூட்டாவில் பிராமன்டரி என்ற இடத்தில் சந்தித்தன. யூனியன் பசிஃபிக் பக்கம் ஐரிஷ்காரர்களும் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் அதிகம். சென்ட்ரல் பசிஃபிக் பக்கம் 10 பேரில் 8, 9 பேர் சீனர்கள். சியரா நெவாடா மலையின் கருங்கல்லை வெடி வைத்துக் குடைந்து சுரங்கம் போட்டவர்கள் அவர்கள்தான்.

1867 ஜூனில் அந்தச் சீனத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். கலவரம் இல்லை, கைகலப்பு இல்லை. முகாமிலேயே அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனியின் கட்டுமானப் பொறுப்பாளர் சார்ல்ஸ் கிராக்கர் மலைக்கு வரும் உணவுச் சரக்கை நிறுத்தினார். ஒரு வாரத்தில் போராட்டம் முடிந்தது. பாதை முடிந்து 13 ஆண்டுகள் கழித்து, 1882-ல், சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரவே கூடாது என்று சட்டம் போட்டார்கள்.

கார்னகி ஏழையாகப் பிறந்து சொந்த உழைப்பால் முன்னுக்கு வந்தவர்தானே?

ஏழையாகப் பிறந்தது உண்மை. ஆண்ட்ரூ கார்னகியின் அப்பா ஸ்காட்லாந்தில் டன்ஃபெர்ம்லின் என்ற ஊரில் கைத்தறி நெசவாளி. விசைத்தறி வந்து தறியை முடக்கிப் போட்டதால், 1848-ல் குடும்பத்தோடு பென்சில்வேனியாவுக்குப் பிழைக்கப் போனார்கள். 13 வயதில் பையன் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். வாரத்துக்கு 1 டாலர் 20 சென்ட். அப்புறம் தந்தி ஆபீஸ் வேலை, அங்கிருந்து பென்சில்வேனியா ரயில் கம்பெனியில் தாமஸ் ஸ்காட் என்ற அதிகாரியின் உதவியாளர். எந்தப் பங்கை வாங்கலாம் என்று கைகாட்டியது, முதல் முதலீட்டுக்கு உதவியது எல்லாம் ஸ்காட்தான்.

1875-ல் பிட்ஸ்பர்க் அருகே பிராடக்கில் கார்னகி தொடங்கிய பெரிய எஃகு ஆலைக்கு வைத்த பெயர் எட்கர் தாம்சன். யார் அந்த தாம்சன்? பென்சில்வேனியா ரயில் கம்பெனியின் தலைவர். அதாவது தண்டவாளம் வாங்கப்போகும் மிகப் பெரிய வாடிக்கையாளர். கார்னகி கடுமையாக உழைத்தார், அபாரமான மூளைக்காரர், ஒரு டன் எஃகுக்கு ஆகும் செலவை சென்ட் கணக்கில் விசாரித்தவர். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த உழைப்புக்குப் பலன் கிடைத்ததில் சுங்க வேலிக்கும் ரயில் கம்பெனி நட்புக்கும் நிறையப் பங்குண்டு.

1901-ல் கம்பெனியை வங்கி முதலாளி ஜே.பி. மார்கனுக்கு 48 கோடி டாலருக்கு விற்றார். மார்கன் அதோடு வேறு கம்பெனிகளையும் சேர்த்து உருவாக்கிய யு.எஸ். ஸ்டீல்தான் 100 கோடி டாலர் மூலதனத்தைத் தாண்டிய முதல் கம்பெனி.

ராக்ஃபெல்லர் எப்படி எண்ணெய் முழுவதையும் கைக்குள் கொண்டுவந்தார்?

எண்ணெய் என்றவுடன் பெட்ரோலை நினைக்க வேண்டாம். அன்று விற்றது விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய். (தகர டின்களில் அடைத்த அந்த அமெரிக்க மண்ணெண்ணெய் இந்தியத் துறைமுகங்களிலும் வந்து இறங்கியது.)

ஜான் ராக்ஃபெல்லர் 1870-ல் ஒஹாயோ மாநிலத்தில் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியைத் தொடங்கினார். கிணறு தோண்டுவதைவிட, சுத்திகரிப்பும் சரக்குக் கட்டணமும்தான் லாபத்தின் சாவி என்று பிடித்துக்கொண்டார். 'தினமும் இத்தனை வண்டி சரக்கு நிச்சயம் தருகிறேன், எனக்குக் கட்டணத்தில் ரகசியத் தள்ளுபடி கொடு' என்று ரயில் கம்பெனிகளோடு பேரம் பேசினார். 1872-ல் இன்னும் ஒரு படி மேலே போய் ஒரு திட்டம் போட்டார்கள். ராக்ஃபெல்லரும் கூட்டாளிகளும் அனுப்பும் சரக்குக்குத் தள்ளுபடி என்பதோடு நிற்காமல், போட்டியாளர் அனுப்பும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் அவர் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு இவர்கள் கைக்கு வர வேண்டும். விஷயம் வெளியே கசிந்து ஊரே கொதித்ததால் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அந்தப் பயமே போதுமானதாக இருந்தது; சில மாதங்களுக்குள் கிளீவ்லாந்திலிருந்த 26 சுத்திகரிப்பு ஆலைகளில் 22 ராக்ஃபெல்லர் கைக்கு வந்தன. 1880 வாக்கில் நாட்டின் சுத்திகரிப்பில் 100-க்கு 90 பங்கு அவருடையது.

ஒரு மாநிலத்துக் கம்பெனி வேறு மாநிலத்தில் சொத்து வைத்துக்கொள்வதில் அன்று சட்டச் சிக்கல் இருந்தது. அதற்கு 1882-ல் கண்டுபிடித்த வழி டிரஸ்ட். சுமார் 40 கம்பெனிகளின் பங்குகளை 9 அறங்காவலர்கள் பெயரில் ஒப்படைத்துவிட்டு, பங்குதாரர்கள் சான்றிதழ் வாங்கிக்கொள்வார்கள். காகிதத்தில் 40 கம்பெனி, நடைமுறையில் ஒரே முதலாளி. பிறகு சர்க்கரை, சாராயம் என்று பல தொழில்களில் இதே வழியைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்டாண்டர்ட் ஆயிலை உச்ச நீதிமன்றம் 34 துண்டுகளாக உடைத்தது 1911-ல்.

ஏகபோகத்தைத் தடுக்க 1890-லேயே ஷெர்மன் சட்டம் வந்ததே, அது என்ன ஆயிற்று?

வணிகத்தைக் கட்டுப்படுத்தும் எந்தக் கூட்டுச் சதியும் குற்றம் என்றது சட்டம். முதல் பெரிய சோதனை 1895-ல் வந்தது. அமெரிக்கன் சுகர் ரிஃபைனிங் கம்பெனி பிலடெல்ஃபியாவின் 4 ஆலைகளையும் வாங்கி, நாட்டின் சர்க்கரைச் சுத்திகரிப்பில் 100-க்கு 98 பங்கைப் பிடித்திருந்தது. உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? உற்பத்தி என்பது வணிகம் அல்ல, ஆகவே இந்தச் சட்டம் பொருந்தாது என்றது. 9 நீதிபதிகளில் மறுத்தவர் ஒருவர்தான்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1894-ல், ரயில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் மீது பாய்ச்சிய தடை உத்தரவுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட சட்டங்களில் ஒன்று இதே ஷெர்மன் சட்டம். 98 பங்கு வைத்திருந்த கம்பெனியைத் தொடாத சட்டம், கூலிக்குப் போராடிய சங்கத்தைத் தொட்டது. இந்தக் காலத்து நீதிமன்றங்களைப் பற்றி இதைவிடக் கடுமையாக நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

ஒரு தொழிலாளியின் அன்றாட வேலை எப்படி இருந்தது?

தொழிலுக்குத் தொழில் வித்தியாசம் உண்டு. பொதுவாக ஆலைகளில் நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள். எஃகு ஆலையில் 12 மணி நேரம். உலையை அணைக்க முடியாது என்பதால் பகல் ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட் என்று இரண்டே ஷிஃப்ட். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஷிஃப்ட் மாறும்போது ஒரு கோஷ்டி தொடர்ந்து 24 மணி நேரம் நிற்க வேண்டும். உருகிய இரும்புக்கு முன்னால், 24 மணி நேரம்.

ரயில்வேயில் பெட்டிகளை இணைக்கும் வேலையைப் பார்ப்போம். ஒரு பெட்டியின் முனையில் இரும்பு வளையம். எதிர்ப் பெட்டியில் அதை வாங்கிக்கொள்ளும் துளை. இன்ஜின் பெட்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டு வரும்போது ஒரு ஆள் இரண்டுக்கும் நடுவில் நின்று, வளையத்தைக் கையால் தூக்கி, துளைக்குள் நுழைத்து, மேலிருந்து ஆணியைப் போட வேண்டும். ஒரு நொடி பிசகினால் விரல் போகும். கால் வழுக்கினால் உயிர் போகும். வேலை தேடி வருபவனுக்கு இரண்டு விரல் இல்லையென்றால் அனுபவசாலி என்று எடுத்துக்கொள்வார்களாம். 1889 கணக்குப்படி, ரயிலில் ஓடி வேலை செய்பவர்களில் 117 பேருக்கு ஒருவர் அந்த ஓராண்டில் இறந்தார். 12 பேருக்கு ஒருவர் காயம்பட்டார். தானாகவே மாட்டிக்கொள்ளும் இணைப்பு அதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. கம்பெனிகள் செலவுக்கு யோசித்தன. 1893-ல் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்த வேண்டியிருந்தது.

பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கங்களில் 8 வயது முதல் சிறுவர்கள். சரிவான பலகைத் தொட்டியில் நிலக்கரி கொட்டிக்கொண்டே வரும். அதன் மேல் காலைப் பரப்பி உட்கார்ந்து கல்லைப் பொறுக்கி வீச வேண்டும். கையுறை போடக் கூடாது. போட்டால் கல்லுக்கும் கரிக்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரியாதாம். சேர்ந்த முதல் சில வாரங்களில் விரல் நுனி வீங்கிச் சிவந்து வெடித்துவிடும். 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 10 முதல் 15 வயதுக்குள் வேலை பார்த்த சிறுவர் சிறுமியர் 17 லட்சத்துக்கு மேல்.

விபத்தில் கை கால் போனால் நஷ்டஈடு?

வழக்குப் போடலாம்; ஜெயிப்பது அரிது. கூட வேலை செய்தவனின் கவனக்குறைவு காரணம் என்றால் முதலாளிக்குப் பொறுப்பில்லை. உன் தவறும் கொஞ்சம் இருந்தால் பொறுப்பில்லை. ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய் என்றாலும் பொறுப்பில்லை. இந்த மூன்று வாதங்களுக்குள் எல்லா விபத்தும் அடங்கிவிடும். தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டங்கள் மாநில வாரியாக நிலைபெறத் தொடங்கியது 1911-க்குப் பிறகு.

ஆனால் கூலி உயர்ந்தது என்கிறார்களே, அது பொய்யா?

பொய் இல்லை. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் விலைவாசி இறங்கிக்கொண்டே வந்ததால், கையில் வாங்கிய டாலருக்குப் பொருள் அதிகம் கிடைத்தது. 1860-க்கும் 1890-க்கும் இடையில் ஆலைத் தொழிலாளியின் உண்மைக் கூலி சுமார் 100-க்கு 50 பங்கு கூடியது என்று பொருளாதார வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்ததற்குக் காரணமும் அதுதான்.

சிக்கல் என்னவென்றால், இது சராசரி. 1873-லும் 1893-லும் வங்கிகள் திவாலாகி, ஆண்டுக்கணக்கில் வேலையில்லாத் திண்டாட்டம். வேலை இருந்தவனுக்கும் கூலியை ஒரே அறிவிப்பில் 10 சதவீதம் வெட்டுவார்கள். சேமிப்பு இல்லை, காப்பீடு இல்லை. சராசரி உயர்ந்தது என்பது மார்ச்சில் வேலை போனவன் வீட்டு வாடகையைக் கட்டவில்லை.

1877-ல் நடந்ததை ஏன் பெரிய வேலைநிறுத்தம் என்கிறார்கள்?

பால்டிமோர் அண்ட் ஒஹாயோ ரயில் கம்பெனி 1877 ஜூலையில் கூலியை மறுபடி 10 சதவீதம் வெட்டியது. மேற்கு வர்ஜீனியாவின் மார்டின்ஸ்பர்கில் தொழிலாளர்கள் இன்ஜின்களைக் கழற்றி ஷெட்டில் விட்டார்கள். யாரும் திட்டம் போடாமலேயே அது ஊர் ஊராகப் பரவியது. பிட்ஸ்பர்கில் உள்ளூர்ப் படையினர் சொந்த ஊர்க்காரர்களைச் சுடத் தயங்கியதால், பிலடெல்ஃபியாவிலிருந்து படை கொண்டுவந்தார்கள். அவர்கள் ஜூலை 21 அன்று சுட்டதில் சுமார் 20 பேர் இறந்தார்கள். அன்றிரவு ரயில் நிலையமும் 100-க்கும் மேற்பட்ட இன்ஜின்களும் எரிந்தன. ஜனாதிபதி ஹேய்ஸ் மத்தியப் படையை அனுப்பினார். மொத்தம் இறந்தவர்கள் சுமார் 100 பேர்.

மே தினம் அமெரிக்காவில் பிறந்ததா?

ஆம், சிகாகோவில். 8 மணி நேர வேலை கேட்டு 1886 மே 1 அன்று நாடு முழுக்க 3 லட்சம் பேருக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். மே 3 அன்று சிகாகோவில் மெக்கார்மிக் அறுவடை இயந்திர ஆலை வாசலில் போலீஸ் சுட்டுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதைக் கண்டித்து மறுநாள் இரவு ஹேமார்க்கெட் சதுக்கத்தில் கூட்டம். சிகாகோ மேயரே வந்து கேட்டுவிட்டு, அமைதியாகத்தான் நடக்கிறது என்று போலீஸிடம் சொல்லிவிட்டுப் போனார். மழை வந்து கூட்டம் கரைந்து சில நூறு பேர் மிஞ்சியிருந்த நேரத்தில், கலைந்து போகச் சொல்லிப் போலீஸ் அணிவகுத்து வந்தது. யாரோ ஒரு குண்டை வீசினார்கள். போலீஸ் சுட்டது. 7 போலீஸ்காரர்களும் குறைந்தது 4 பொதுமக்களும் இறந்தார்கள்.

குண்டை வீசியது யார் என்று இன்றுவரை தெரியாது. 8 பேரைக் குற்றவாளி என்றார்கள். அவர்களுடைய பேச்சும் எழுத்தும்தான் முக்கியச் சாட்சியம். ஆகஸ்ட் ஸ்பீஸ், ஆல்பர்ட் பார்சன்ஸ், அடால்ஃப் ஃபிஷர், ஜார்ஜ் எங்கெல் ஆகிய 4 பேரை 1887 நவம்பர் 11 அன்று தூக்கிலிட்டார்கள். ஒருவர் முந்தைய நாள் சிறையிலேயே இறந்தார். மிஞ்சிய 3 பேரை 1893-ல் இல்லினாய் ஆளுநர் ஜான் ஆல்ட்கெல்ட் விடுதலை செய்தார். விசாரணையே நியாயமாக நடக்கவில்லை என்று காரணத்தையும் விரிவாக எழுதி வைத்தார். அடுத்த தேர்தலில் தோற்றார்.

1889-ல் பாரிஸில் கூடிய சோசலிஸ்டுகள் மே 1-ஐ உலகத் தொழிலாளர் நாளாக அறிவித்தார்கள். இந்தியாவில் அதை முதலில் கொண்டாடியது நம் சிங்காரவேலர், 1923-ல் சென்னைக் கடற்கரையில். அமெரிக்காவில் தொழிலாளர் தின விடுமுறை செப்டம்பர் மாத முதல் திங்கட்கிழமை.

ஹோம்ஸ்டெட்டில் உண்மையில் என்ன நடந்தது?

இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்வேன், ஏனென்றால் இந்தக் காலத்தின் எல்லா முடிச்சும் இந்த ஒரு ஊரில் இருக்கிறது.

பிட்ஸ்பர்க் அருகே மொனாங்கஹீலா ஆற்றங்கரையில் கார்னகியின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலை. சுமார் 3,800 தொழிலாளர்கள். அதில் தேர்ந்த வேலைக்காரர்கள் 800 பேர் மட்டும் சங்கத்தில் இருந்தார்கள். 1889-ல் சங்கம் போராடி வாங்கிய ஒப்பந்தம் 1892 ஜூன் 30 அன்று முடிவதாக இருந்தது. தொழிலாளர் சங்கம் வைப்பது உரிமை, இன்னொருவன் வேலையைப் பறிக்கப் போவது தவறு என்று 1886-ல் பத்திரிகையில் எழுதியவர் கார்னகி. இப்போது அவர் ஸ்காட்லாந்துக்கு ஓய்வுக்குப் போய்விட்டார். போவதற்கு முன் நிர்வாகி ஹென்றி கிளே ஃபிரிக்குக்கு முழு அதிகாரம் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

ஃபிரிக் பேச்சுவார்த்தை நடக்கும்போதே ஆலையைச் சுற்றி உயரமான பலகை வேலி எழுப்பி, மேலே முள்கம்பி கட்டினார். துப்பாக்கி நீட்டும் அளவுக்கு அதில் துளைகள். ஊர்க்காரர்கள் அதை ஃபிரிக் கோட்டை என்றார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் கதவடைப்பு. சங்கத்தில் இல்லாத 3,000 பேரும், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த கூலியாட்களும்கூட, சங்கத்தோடு சேர்ந்து நின்றார்கள். ஊர்த் தலைவராக இருந்த ஜான் மெக்லக்கியே அந்த ஆலைத் தொழிலாளிதான்.

போராடுபவர்களுக்குப் பதிலாக வேலைக்கு வரும் கருங்காலிகளை உள்ளே கொண்டுவர முதலில் காவல் வேண்டும். பிங்கர்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தின் 300 ஆட்களை ஃபிரிக் வரவழைத்தார். ஜூலை 6 விடியற்காலை 4 மணி வாக்கில், மூடிய இரண்டு தட்டைப் படகுகளில் ஆற்று வழியாக வந்தார்கள். கரையில் காவலிருந்தவர்கள் சங்கு ஊத, ஊரே ஆற்றங்கரைக்கு ஓடியது. ஆண், பெண், குழந்தை எல்லோரும். யார் முதலில் சுட்டது என்பதில் இரு தரப்பும் வேறு வேறு சொல்கின்றன. நாள் முழுக்கச் சண்டை. பழைய பீரங்கியைக் கொண்டுவந்து சுட்டுப் பார்த்தார்கள். எண்ணெய் ஊற்றிய தெப்பத்தைக் கொளுத்திப் படகை நோக்கி விட்டார்கள். மாலை 5 மணிக்கு பிங்கர்டன் ஆட்கள் சரணடைந்தார்கள். 7 தொழிலாளர்களும் 3 பிங்கர்டன் ஆட்களும் இறந்திருந்தார்கள். சரணடைந்தவர்களை இரு பக்கமும் வரிசையாக நின்ற கூட்டம் அடித்து நொறுக்கியது. அதையும் மறைக்கக் கூடாது. நிராயுதபாணிகளை அடித்ததை நியாயப்படுத்த என்னால் முடியாது.

அன்று தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். 6 நாள் கழித்து பென்சில்வேனியா ஆளுநர் 8,000 பேருக்கு மேற்பட்ட மாநிலப் படையை அனுப்பினார். அந்தத் துப்பாக்கிகளின் காவலில் புது ஆட்கள் உள்ளே போனார்கள், புகைபோக்கி புகைந்தது. ஜூலை 23 அன்று அலெக்சாண்டர் பெர்க்மன் என்ற அராஜகவாதி (அரசே கூடாது என்ற கொள்கைக்காரர்) ஃபிரிக்கை அவர் ஆபீஸிலேயே சுட்டார். பெர்க்மனுக்கும் ஹோம்ஸ்டெட் தொழிலாளர்களுக்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் பொதுமக்கள் அனுதாபம் ஃபிரிக் பக்கம் திரும்பியது. அவர் பிழைத்துக்கொண்டார். சங்கத் தலைவர்கள் மீது கொலை, மாநிலத் துரோகம் என்று வழக்குகள். ஜூரிகள் தண்டிக்க மறுத்தார்கள். ஆனால் வழக்குச் செலவிலேயே சங்கத்தின் கை காலியானது. நவம்பர் 20 அன்று போராட்டத்தைக் கைவிட்டார்கள்.

அப்புறம் ஆலையில் 12 மணி நேரம் நிலைத்தது, கூலி இறங்கியது, பெயர் குறித்து வைக்கப்பட்டவர்களுக்கு எந்த எஃகு ஆலையிலும் வேலை கிடைக்கவில்லை. ஹோம்ஸ்டெட் ஆலைக்கு மறுபடி ஒரு சங்கத்தோடு ஒப்பந்தம் வந்தது 1937-ல், யு.எஸ். ஸ்டீல் கையெழுத்துப் போட்டபோது. நடுவில் 45 ஆண்டுகள்.

புல்மன் ஊர் நல்ல ஊர்தானே? ஏன் போராட்டம்?

பார்க்க நல்ல ஊர். ரயிலில் படுத்துப் போகும் பெட்டி தயாரித்த ஜார்ஜ் புல்மன் 1880-ல் சிகாகோவுக்குத் தெற்கே கட்டினார்: செங்கல் வீடு, குழாய்த் தண்ணீர், பூங்கா, நூலகம். ஆனால் வீட்டை வாங்க முடியாது, வாடகை மட்டும்தான். வாடகை பக்கத்து ஊர்களைவிட அதிகம். நூலகத்துக்குக் கட்டணம். தேவாலயத்துக்கும் வாடகை.

1893-ல் பொருளாதாரம் சரிந்ததும் கூலியைச் சராசரியாக 4-ல் ஒரு பங்கு வெட்டினார்கள். வாடகையை ஒரு சென்ட்கூடக் குறைக்கவில்லை. வாடகை கழித்து 2 சென்ட்டுக்குக் காசோலை வாங்கிய ஒரு தொழிலாளி, அதை மாற்றாமல் நினைவுக்கு வைத்துக்கொண்டார். தையல் பிரிவில் இருந்த ஜென்னி கர்ட்டிஸின் அப்பா அதே கம்பெனியில் பல ஆண்டு உழைத்து இறந்துபோனார். அவர் வைத்துவிட்டுப் போன 60 டாலர் வாடகைப் பாக்கியை மகள் கூலியிலிருந்து பிடித்தார்கள். அரசு நியமித்த விசாரணைக் குழுவின் கணக்கைப் பாருங்கள்: 1893 ஜூலையில் முடிந்த ஆண்டில் கம்பெனி கொடுத்த கூலி 72 லட்சம் டாலர், அடுத்த ஆண்டு 45 லட்சத்துக்கும் குறைவு. அதே இரண்டு ஆண்டுகளில் பங்குதாரர்களுக்குக் கொடுத்த லாபப் பங்கு 25.2 லட்சத்திலிருந்து 28.8 லட்சமாகக் கூடியது.

குறை சொல்லப் போன குழுவில் 3 பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். மறுநாள், 1894 மே 11, வேலைநிறுத்தம். யூஜின் டெப்ஸ் தலைமையிலான அமெரிக்க ரயில்வே யூனியன் ஜூன் 26 முதல், புல்மன் பெட்டி மாட்டிய ரயிலை ஓட்ட மாட்டோம் என்றது. ஒரு லட்சத்துக்கு மேல் தொழிலாளர்கள் இறங்க, சிகாகோவிலிருந்து மேற்கே ரயில் நின்றது. தபால் தடைபடுகிறது என்பதைக் காரணமாகக் காட்டி நீதிமன்றம் தடை உத்தரவு போட்டது. உத்தரவுக்கு ஏற்பாடு செய்த அட்டர்னி ஜெனரல் (மத்திய அரசின் தலைமை வக்கீல்) ரிச்சர்ட் ஆல்னி, பல காலம் ரயில் கம்பெனிகளின் வக்கீலாக இருந்தவர். ஆளுநர் ஆல்ட்கெல்ட் வேண்டாம் என்று சொல்லியும் ஜனாதிபதி கிளீவ்லாந்து மத்தியப் படையை இறக்கினார். சுமார் 30 பேர் இறந்தார்கள். டெப்ஸுக்கு 6 மாதச் சிறை. தொழிலாளர் தின விடுமுறைச் சட்டத்தில் அதே கிளீவ்லாந்து கையெழுத்துப் போட்டது அந்த ஜூன் 28 அன்று.

ஊரை விற்றுவிட வேண்டும் என்று 1898-ல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போது கம்பெனியின் தலைமையில் இருந்தவர் ராபர்ட் லிங்கன், ஆபிரகாம் லிங்கனின் மகன்.

சங்கங்களில் எல்லோருக்கும் இடம் இருந்ததா?

இல்லை. இது வருத்தமான பக்கம். 1869-ல் பிலடெல்ஃபியாவில் தொடங்கிய நைட்ஸ் ஆஃப் லேபர் பெண்களையும் கறுப்பினத்தவரையும் சேர்த்துக்கொண்டது. 1886-ல் அதில் 7 லட்சம் பேர். ஆனால் சீனர்களுக்குக் கதவு மூடியே இருந்தது. 1885 செப்டம்பரில் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸில் வெள்ளைச் சுரங்கத் தொழிலாளர்கள் 28 சீனத் தொழிலாளர்களைக் கொன்றார்கள்.

1886-ல் சாமுவேல் காம்பர்ஸ் உருவாக்கிய அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பு பெரும்பாலும் தேர்ந்த தொழிலாளர் சங்கங்களின் கூட்டு. காம்பர்ஸ் சுருட்டுத் தொழிலாளி. அந்தக் கடைகளில் ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். படிப்பவருக்குக் குறையும் கூலியை மற்றவர்கள் பங்கு போட்டு ஈடுகட்டுவார்கள். நம் பக்கத்துப் பீடிக் கடைகளைப் போலத்தான். அப்படிப் படித்து வளர்ந்த காம்பர்ஸும் சீனர் தடைச் சட்டத்தை ஆதரித்தார். டெப்ஸின் யூனியனில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. புல்மன் பெட்டிகளில் பணியாளர்களாக இருந்தவர்களோ பெரும்பாலும் அவர்கள்தான். சங்கத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டு, கருங்காலியாக வருகிறான் என்று பிறகு திட்டுவதில் என்ன நியாயம்?

கார்னகி 2,500 நூலகம் கட்டினாரே, அது பெரிய கொடை இல்லையா?

பெரிய கொடைதான். அந்த நூலகங்களில் படித்து முன்னுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். பணக்காரன் உயிரோடு இருக்கும்போதே செல்வத்தைப் பொதுநலனுக்குச் செலவிட வேண்டும் என்று 1889-ல் எழுதினார், பெரும்பகுதியைச் செய்தும் காட்டினார். ஹோம்ஸ்டெட் தொழிலாளர்களுக்கும் 1898-ல் நூலகம் திறந்தார். 12 மணி நேரம் உலைக்கு முன்னால் நின்று வந்தவன் எப்போது போய்ப் படிப்பான் என்பதுதான் கேள்வி. பிராடக் ஆலையில் 8 மணி நேர ஷிஃப்டைச் சில ஆண்டுகள் நடத்திவிட்டு, போட்டியாளர்கள் பின்பற்றவில்லை என்பதால் 1888-ல் மறுபடி 12 மணி நேரத்துக்குத் திருப்பியவரும் இதே கார்னகி. எந்த ஊருக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை கொடுப்பவர் கையிலேயே இருந்தது. கூலியாகக் கொடுத்திருந்தால் அது வாங்கியவர் கையில் இருந்திருக்கும்.

8 மணி நேர வேலை கடைசியில் எப்போது வந்தது?

துண்டு துண்டாக வந்தது. ரயில்வேக்கு 1916-ல், நாடு தழுவிய வேலைநிறுத்த அறிவிப்புக்குப் பிறகு. எஃகு ஆலைகள் 12 மணி நேரத்தைக் கைவிட்டது 1923-ல், அதுவும் ஜனாதிபதி ஹார்டிங் வரை தலையிட்ட பிறகு. எல்லாத் தொழிலுக்கும் பொதுவாக வாராந்திர வரம்பும் ஓவர்டைம் கூலியும் வைத்த சட்டம் 1938-ல் வந்தது. முதலில் 44 மணி நேரம், 1940 முதல் 40. விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் அந்தச் சட்டம் அப்போது சேர்க்கவில்லை. தெற்கு மாநிலங்களில் அந்த இரண்டு வேலைகளிலும் பெரும்பாலும் இருந்தவர்கள் கறுப்பினத்தவர்.